கண்பக்குவம்: சிங்கப்பூரில் படம் எடுக்க வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கலை இயக்க வேலை பார்க்கிறேன். தொலைக்காட்சித் தமிழ் நாடகங்கள், குறும்படங்கள், வீட்டுச் செலவுக்கு விளம்பரங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். "அக்கா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படி வரும்?" என்ற ஒரே கேள்விதான் பத்து வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். ஒழுங்கான வரிசை கிடையாது. கேட்டவர்கள் கேட்டபடி இருக்கிறது.

காட்சிப் பாணி என்றால் என்ன? கலர் கிரேடிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தைத் திருத்துவதில்) வருவதுதானே?

ஒரே கடையில் வாங்கிய மல்லி, மிளகாய். ஒரே மில்லில் அரைத்த பொடி. ஆனாலும் அத்தை வைக்கும் மீன்குழம்பும் அம்மா வைக்கும் மீன்குழம்பும் ஒன்றாக இருப்பதில்லை. கைப்பக்குவம் என்கிறோம். படத்தில் அதற்கு நிகரானதை நான் கண்பக்குவம் என்று சொல்வேன். அத்தையிடம் செய்முறை கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் நின்று பத்து நாள் பார்த்தால், புளியை எப்போது ஊற்றுகிறார், எதை ஒருநாளும் சட்டிக்குள் விடமாட்டார் என்பது பிடிபடும். ஒருவர் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவுகளையும் விடாமல் தள்ளிவைக்கும் விஷயங்களையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் அவருடைய பாணி.

ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் வைப்பார், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். 1958இல் முதல்முறையாக வண்ணத்தில் எடுத்தபோது ஒரு சிவப்புக் கெண்டியை வீட்டுக் காட்சிகளில் அங்கே இங்கே நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார். பின்னணிக்கு அந்த ஒரு சிவப்பு போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிரேடிங் இதெல்லாம் முடிந்தபிறகு வருவது. குழம்பு இறக்கியபின் தூவும் கொத்தமல்லி.

பாணி யாருடையது? இயக்குநருடையதா, ஒளிப்பதிவாளருடையதா, கலை இயக்குநருடையதா?

சண்டை வராத படப்பிடிப்பில் இந்தக் கேள்வியே எழாது. 1939இல் வில்லியம் கேமரன் மென்சீஸ் ஹாலிவுட்டில் ஒரு பெரிய படத்தின் வண்ணம், செட், காட்சி அமைப்பு எல்லாவற்றையும் ஒரே ஆளாக வரைந்து கொடுத்தார். அதற்காகத்தான் 'புரொடக்‌ஷன் டிசைனர்' என்ற பட்டமே அவருக்குப் போடப்பட்டது. நம் ஊரில் குழு சின்னது. இயக்குநரே சுவருக்கு வண்ணம் அடிப்பார், நானே சில நாள் கிளாப் அடித்திருக்கிறேன். அதனால் சுவர் நிறம் முடிவாகும் நாளில் ஒளிப்பதிவாளரும் உடையலங்காரம் செய்பவரும் அதே அறையில் இருக்கட்டும். மூவரும் தனித்தனியாகப் படங்களைச் சேகரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் மூன்று படம்தான் வரும்.

என் வீடு சாதாரண நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சிங்கப்பூரில் குடியிருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீவக வீடுகளில்தான் வாழ்கிறோம். ஆனால் கேமராவைக் கையில் எடுத்ததும் கால்கள் தானாக மரினா பேக்கும் ஹாஜி லேனுக்கும் போகின்றன.

உங்கள் வீட்டையே ஒரு லொக்கேஷனாக நினைத்து நடந்து பாருங்கள். வாசலில் இரும்புக் கேட், அதன் கம்பி வடிவம். பழைய வீடென்றால் கேட்டிலேயே ஒரு பூவோ வட்டமோ வளைத்திருப்பார்கள். அதற்கு மேல் காய்ந்துபோன மாவிலைத் தோரணம், அல்லது தீபாவளிக்கு வாங்கி இன்னும் கழற்றாத பிளாஸ்டிக் தோரணம். நடைபாதையில் கோலம், சில வீடுகளில் கோல ஸ்டிக்கர். பக்கத்து வீட்டுக்காரரின் சிவப்புப் பலிபீடம். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மாவின் பூந்தொட்டிகள். மூன்று வீட்டின் வாசனையும் அந்த நாலடி அகல நடைபாதையில் கலந்து நிற்கும். உள்ளே போனால் சாமி மேடை. தனி அறை இல்லாததால் டிவி அலமாரிக்கு மேலேயோ ஷூ அலமாரிக்கு மேலேயோ இருக்கும் (அதைப் பற்றி வீட்டில் ஒரு பழைய சண்டையும் இருக்கும்). அதன் சின்ன சிவப்பு மின்விளக்கு இரவு முழுக்க எரியும். இரவுக் காட்சியில் ஒரு முகத்தின் ஓரத்தில் விழ அந்தச் சிவப்பைவிட நியாயமான வெளிச்சம் எனக்குத் தெரிந்து கிடையாது. யாரும் 'இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது' என்று கேட்கமாட்டார்கள்.

இட நெருக்கடியும் பாணிக்குள் வந்து சேரும். வீவக அறையில் நடிகரிடமிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்பதே பெரிய விஷயம். சூப்பர் 35 அளவுள்ள கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், அந்தத் தூரத்தில் சுமார் 2 மீட்டர் அகலம்தான் ஃபிரேமுக்குள் வரும். பதற்றத்தில் எல்லோரும் 18க்குத் தாவுகிறார்கள். அகலம் இரட்டிப்பாகிறது. அறை மண்டபம் மாதிரி தெரிகிறது, ஓரத்தில் உட்கார்ந்த பாட்டியின் தலை நீள்கிறது. வேறு வழியும் இருக்கிறது. கேமராவை அறைக்கு வெளியே எடுத்துப்போய் கதவு நிலைக்கு அப்பாலிருந்து பாருங்கள். நிலை ஒரு ஃபிரேமாகிறது. சமையலறைச் சன்னல், ஹாலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள திரை, கேட் கம்பி என்று ஃபிரேமுக்குள் ஃபிரேம் கிடைக்கிறது. நெருக்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தில் இப்படித்தான் ஒருவரையொருவர் பார்க்க முடியும், பாதி மறைவாக. இடமில்லாத குறையிலிருந்தே ஒரு பார்வை கிடைத்துவிட்டது.

சென்னைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மாதிரி எடுத்தால் தப்பா?

தப்பில்லை. நான் முதலில் செய்ததும் அதுதான், நன்றாக அடி வாங்கினேன். என் முதல் குறும்படத்துக்கு பிடோக்கில் ஒரு வீட்டின் ஹாலை அடர்நீலமாக அடித்தேன். மஞ்சள் பல்பு, புகை, ஜன்னலில் கம்பி நிழல். ஒவ்வொரு ஷாட்டும் அழகாகத்தான் இருந்தது. சமூக மன்றத்தில் போட்டுக் காட்டியபோது வீட்டு உரிமையாளரான அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும், "இது யார் வீடும்மா?" என்று கேட்டார். தன் வீட்டையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றுவரை காதில் இருக்கிறது.

பிரச்சினை சென்னையில் இல்லை, நான் கடைசி விளைவை மட்டும் எடுத்துக்கொண்டதில் இருந்தது. 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்குத் தோட்டா தரணி மும்பையின் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டார். அவருக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும் தேசிய விருது கிடைத்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தகரக் கூரையின் பழுப்பு நிறத்தையா? ஒரு சந்தின் அகலம், ஒரு வீட்டின் வாசல் இன்னொரு வீட்டைப் பார்க்கும் கோணம், ஈரம் எந்த உயரம்வரை சுவரில் ஏறியிருக்கும் என்பதையெல்லாம் அளந்து பார்த்த கண்ணையா? அந்தக் கண்ணை தோ பாயோவுக்குக் கொண்டுவந்தால் வேறு படம்தான் வரும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த காட்சி ஒன்றை ஷாட் ஷாட்டாக அப்படியே நகல் எடுங்கள், உங்கள் வீட்டில், உங்கள் அண்ணனை நடிக்க வைத்து. எங்கெல்லாம் நகல் எடுக்க முடியவில்லையோ அங்கெல்லாம் நீங்களாக ஒன்றைச் செய்திருப்பீர்கள். அந்த இடங்களைக் குறித்து வையுங்கள்.

சிங்கப்பூர் வெளிச்சம் மோசம் என்கிறார்களே?

மோசம் என்று சொல்பவர்கள் பகல் பன்னிரண்டு மணிதான் உச்சி என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. கடிகாரத்தையோ 1982 முதல் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னே வைத்திருக்கிறோம். அதனால் உச்சிப்பொழுது இங்கே ஏறக்குறைய 1 மணிக்கு வருகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாவது நான்காவது வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேலே. நடிகரின் கண்குழியில் இருட்டு, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல். காலை 11.30க்கு உணவு இடைவேளை விட்டுவிட்டு 12.30க்கு வெளிப்புறக் காட்சி எடுக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். பாவம்.

சாயங்காலத்தின் கணக்கும் வேறு. சூரியன் சாய்வாக இறங்காமல் கிட்டத்தட்ட செங்குத்தாக விழுகிறது. மறைந்தபின் கிடைக்கும் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஐரோப்பியப் படப்பிடிப்பு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'கோல்டன் ஹவரில்' எட்டு ஷாட் திட்டமிட்டால் மூன்று தேறும். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பத்து நிமிடத்துக்குமேல் மாறுவதே இல்லை. ஜனவரியில் பார்த்து வைத்த வெளிச்சம் ஆகஸ்ட்டிலும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வரும். மழையும் புகைமூட்டமும் குறுக்கே வராவிட்டால்.

என்னைக் கேட்டால் நம் ஊரின் உண்மையான வெளிச்சம் மேகமூட்டம்தான். வானமே ஒரு பெரிய வெள்ளைத்துணி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில், டிசம்பர் வாக்கில், மழைக்கு முன் ஒரு வெள்ளி நிறம் வரும். புளோக்கின் வண்ணங்கள் திடீரென்று எழுந்து நிற்கும். எல்லோரும் குடைக்குள் ஓடும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

இரவும் மாறிக்கொண்டிருக்கிறது. சாலைகளில் சோடியம் விளக்கின் ஆரஞ்சு போய் எல்இடி வெள்ளை வந்துவிட்டது. பத்தாண்டுக்கு முந்தைய இரவைக் காட்டவேண்டுமென்றால் அந்த ஆரஞ்சை நீங்களேதான் கொண்டுவர வேண்டும்.

இரண்டு நடைமுறை விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வாய்ட் டெக்கிலும் (புளோக்கின் திறந்த தரைத்தளம்) நடைபாதையிலும் விளக்கு துடிக்காமல் இருக்க, 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 172.8 டிகிரி, 25 ஃபிரேமில் எடுத்தால் 180 டிகிரி. இரண்டும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். அப்புறம், ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வையுங்கள்.

எங்கள் நடிகர்களின் முகம் எப்போதும் இருட்டாகவே வருகிறது. என்ன செய்வது?

கேட்டவர் 'நடிகர்கள் கறுப்பு, அதனால்' என்ற மாதிரி முடித்தார். காரணம் அது இல்லை. பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர்தான் காரணம். புது வீடுகளெல்லாம் வெள்ளை. கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு எக்ஸ்போஷரைக் குறைக்கிறது, முகம் அமுங்குகிறது. உடனே ஒப்பனைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பூச்சு பவுடர் போடச் சொல்வார்கள். முகம் சாம்பல் பூத்துப்போகும்.

நான் சுவரை மாற்றுவேன். வெளிர் பச்சை, மங்கிய மஞ்சள், மண் நிறம், எதுவானாலும் வெள்ளையைவிட இரண்டு படி இறக்கம். வண்ணம் அடிக்க அனுமதி இல்லையென்றால் துணி, நாட்காட்டி, அலமாரி. நடிகரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் இழுத்து, சுவருக்கும் முகத்துக்கும் தனித்தனி வெளிச்சம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கருந்தோல் வெளிச்சத்தை அழகாகப் பிரதிபலிக்கும். அதற்கு அள்ளிக் கொட்டும் வெளிச்சம் தேவையில்லை, அகலமான மூலம்தான் தேவை. பக்கத்திலிருந்து ஒரு பெரிய வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், கன்ன எலும்பில் துளி எண்ணெய். எங்கள் பாட்டி குளித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஜன்னலோரம் உட்காரும்போது இருந்த மினுமினுப்பு அது. எந்த ஒப்பனைப் பெட்டியிலும் கிடைக்காது.

ஒரு படத்துக்கு எத்தனை நிறம்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்று போதும், நான்காவது விருந்தாளி. எண்ணிக்கையைவிட, நிறத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் முக்கியம் என்று நினைக்கிறேன். கணினியில் நிறத்துக்கு ஆறெழுத்து எண் இருக்கிறது, ஆனால் அதற்கு நினைவு கிடையாது. சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் போய் நின்று, கடைக்காரர் வாயில் வரும் பெயர்களைக் கேளுங்கள். மயில்கழுத்து, அரக்கு, மாந்துளிர், வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயராலேயே ஒரு நீலம் இருக்கிறது. மயில்கழுத்து என்றால் ஒரு நிறம் கிடையாது. திரும்பும்போது பச்சை, அசையாதபோது நீலம். 'இந்தப் பாத்திரம் மயில்கழுத்து' என்று உடைக்காரரிடம் சொன்னால் அவருக்கு நிறமும் தெரிகிறது, ஆளும் தெரிகிறது.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம். கதையைப் படித்ததும் ஒவ்வொருவரும் மூன்று நிறப்பெயரைத் தமிழில் எழுதித் தரவேண்டும், படம் ஒட்டக்கூடாது. ஒருமுறை ஒருவர் 'ஆறின டீ' என்று எழுதினார். படம் முழுக்க அந்த நிறத்தில்தான் எடுத்தோம்.

லொக்கேஷனை அழகுக்காகத் தேர்வதா, கதைக்காகத் தேர்வதா?

தொல்காப்பியம் படித்திருக்கிறீர்களா? பள்ளியில் திணை என்றாலே தூங்கியவள்தான் நானும். வேலைக்கு வந்தபின்தான் உறைத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கும் மரம், பறவை, தொழில், உணவு எல்லாம் கருப்பொருள். மனசுக்குள் நடப்பது உரிப்பொருள். இதைக் கலை இயக்கத்தின் குறிப்பேடு என்று சொன்னால் பண்டிதர்கள் திட்டக்கூடும், பரவாயில்லை. லொக்கேஷனும் நேரமும் முதலில், பிறகு ப்ராப்ஸ் (காட்சியில் வைக்கும் பொருட்கள்), இரண்டும் சேர்ந்து நடிகர் பேசாமலேயே உணர்ச்சியைச் சொல்ல வேண்டும். என் ப்ராப்ஸ் பட்டியலின் தலைப்பே 'கரு' தான்.

ஒரு குறும்படத்தில் கணவன் மனைவி பிரியும் காட்சி. இயக்குநர் தம்பி சூரியன் மறையும் கடற்கரையைக் கேட்டான். பிரிவுக்குப் பாலை, பாலைக்கு நண்பகல் என்றேன். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் மதியம் 1 மணிக்கு எடுத்தோம். நிழல் காலடியோடு ஒட்டிக்கிடந்தது. சிமெண்டு வெளுத்துக் கண் கூசியது. ஒதுங்க இடமில்லாத இரண்டு பேர். கடற்கரையை வீணாக்கவில்லை, மகனுக்காகத் தாய் காத்திருக்கும் காட்சியை அங்கே வைத்தோம். பொழுது சாயும் நேரம், கிழக்குக் கடற்கரையில் நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் கப்பல்கள். நெய்தலும் இரங்கலும் அப்படியே இருக்கின்றன, மீன்பிடிப் படகு மட்டும் எண்ணெய்க் கப்பலாக மாறியிருக்கிறது. மருதத்துக்கு வைகறை, ஊடல். இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் கணவன் வருகிறான், மனைவி சமையலறையில் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவுகிறாள். வயல் இல்லை, சரி. ஊடலுக்கு அந்த ஒரு டியூப்லைட் போதும்.

எண்பதுகளில் நடக்கும் கதை எடுக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

என் மானம் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். 1983இல் நடக்கும் ஒரு கதை. உடை, ரேடியோ, மொசைக் தரை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். படம் ஓடும்போது பின்வரிசையில் ஒரு தாத்தா உரக்கச் சிரித்தார். அம்மா அழும் காட்சியில், அவருக்குப் பின்னால் வெடிகுண்டுத் தஞ்ச அறையின் கனத்த இரும்புக் கதவு. வீட்டுக்குள் அந்த அறை தொண்ணூறுகளில்தான் வந்தது. மூன்று நாள் அந்த வீட்டில் வேலை பார்த்தும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை, தினமும் பார்ப்பதால்.

அதற்குப் பிறகு சந்தேகப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். கடைப் பலகையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1995க்குப் பிந்தியது. வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கம் ஆனது 2002இல். அதே ஆண்டில்தான் ஈஸி-லிங்க் பயண அட்டையும். எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது 1987 நவம்பரில், அதற்கு முந்தைய கதையில் 'எம்ஆர்டி பக்கத்துல நிக்கிறேன்' என்று வசனம் வரக்கூடாது. கையில் கொடுக்கும் நோட்டைப் பாருங்கள். பறவை போட்ட வெள்ளி நோட்டுகள் 1976 முதல், கப்பல் போட்டவை 1984 முதல், முதல் அதிபர் யூசோஃப் இஷாக் முகம் போட்டவை 1999 முதல். அப்போதெல்லாம் புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. படியேறி மூச்சிரைப்பதும் பக்கத்து மாடிக்காரரைத் தினமும் சந்திப்பதும் அதனால்தான். அதைக் கதைக்கே பயன்படுத்தலாம்.

தமிழ் எழுத்தையும் பாருங்கள். தமிழ்நாடு 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, சிங்கப்பூருக்கு அது பிறகு வந்தது. அறுபதுகளின் பலகையில் லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்க வேண்டும். இன்றைய கதைக்குக்கூட, அச்சுக் கடைக்கு அனுப்பிய தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கமாகத் திரும்பி வருவது நமக்குப் பழகிய துயரம். படமாக மாற்றி அனுப்புங்கள். அச்சானதும் நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பணமே இல்லை. பாணி எப்படி வரும்?

1956இல் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார். திறந்த முற்றத்தில் விழும் நிழலற்ற வெளிச்சம் ஸ்டுடியோ விளக்கில் எப்படி வரும்? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்துத் திருப்பினார். துணி விலைதான் செலவு. நீங்கள் தேக்காவில் (லிட்டில் இந்தியா) நாலு வேட்டி வாங்கினால் அதே வேலையைச் செய்யலாம், நான் செய்கிறேன்.

இங்கே எடுத்த படங்களில் எதைப் பார்ப்பது?

கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்', 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரை மையமாக வைத்த படம். தேக்காவைச் சுற்றுலா அட்டை மாதிரி காட்டாமல் எப்படி எடுப்பது என்று அதில் பார்க்கலாம். எரிக் கூவின் 'மை மேஜிக்' 2008இல் தமிழ் பேசிக்கொண்டே கான் போட்டிப் பிரிவுக்குப் போனது. பழையதைத் தேடினால், ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டுடியோ 1967இல் மூடும்வரை எடுத்த மலாய்ப் படங்கள். இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சென்னைக்காரரான எல். கிருஷ்ணன் அவர்களில் ஒருவர். கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டில் ஒரு தமிழ்ப்பட முற்றம் எட்டிப் பார்ப்பது போல எனக்கு ஒரு பிரமை.

ஏஐயில் மூட் போர்டு (படத்தின் தோற்றத்துக்கான மாதிரிப் படத் தொகுப்பு) செய்யலாமா?

செய்யுங்கள். ஆனால் 'சிங்கப்பூர்த் தமிழ் வீடு' என்று கேட்டபோது எனக்கு வந்தது தூணும் திண்ணையும் பித்தளை விளக்கும். மூங்கில் கழியில் காயும் பள்ளிச் சட்டை வரவில்லை. எல்லோருடைய கண்ணையும் கூட்டிச் சராசரி போட்டால் அப்படித்தான் வரும். அங்கிருந்து தொடங்கினால் திரும்பி வருவது கஷ்டம்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வாய்ட் டெக், நடைபாதைக்கு நகர மன்றம். பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகம். ரயில் நிலையத்துக்கு அதை நடத்தும் நிறுவனம். 250 கிராமுக்கு மேலுள்ள ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எடுப்பது சட்டத்தில் இல்லாவிட்டாலும் அதுதான் முதல் அனுமதி.

நாடகத் தொடரில் வேலை பார்த்தால் என் பாணி செத்துவிடாதா?

ஒருநாளில் பத்துக் காட்சி எடுக்கும் இடத்தில் ஒவ்வொரு சுவரையும் யோசிக்க முடியாது, உண்மைதான். நான் ஒரு தொடருக்கு ஒரு பிடிவாதம் என்று வைத்துக்கொள்வேன். ஒரு தொடரில் எந்த மேசையும் காலியாக இருக்காது என்று முடிவெடுத்தேன். பாதி குடித்த தண்ணீர், கழற்றி வைத்த கண்ணாடி, யாரோ விட்டுப்போன ரசீது. யாரும் கவனிக்கவில்லை, தயாரிப்பாளரும் தடுக்கவில்லை. மூன்றாவது மாதம் நடிகர்களே வீட்டிலிருந்து பொருள் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

என் பாணி எது என்று எனக்கே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஃபோனில் கடைசியாக எடுத்த 500 படங்களைத் திறங்கள். சாப்பாடு, செல்ஃபி, ரசீது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மீதியைச் சின்னதாக அச்சடித்துத் தரையில் பரப்புங்கள். உங்களை நன்றாகத் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, 'இதில் அடிக்கடி என்ன வருகிறது?' என்று கேளுங்கள். ஒரு மாணவிக்கு இதைச் செய்தபோது பாதிப் படங்களில் மனிதர்களின் முதுகு இருந்தது. கேட் வழியாக, பஸ் சீட்டுக்குப் பின்னாலிருந்து, சமையலறையில் அம்மாவின் முதுகு. அவளுக்கே தெரியாது. 'நான் கூச்சப்படுறதாலதான் அக்கா' என்றாள். அவள் அடுத்து எடுத்த படம் முழுக்க முதுகுகள்தான். கடைசி ஷாட்டில் அம்மா திரும்பியபோது அறையில் யாரும் அசையவில்லை.

இதோடு ஆறு மாதத்துக்கு ஒரே லென்ஸ். ஒரே இடத்தை, உங்கள் மின்தூக்கி வாசலாக இருந்தாலும் சரி, வாரம் ஒருமுறை எடுங்கள். எவ்வளவு நாளில் பாணி வரும் என்று கேட்காதீர்கள், எனக்கு அந்தப் பிடோக் வீட்டு அம்மாவின் கேள்விக்குப் பிறகு ஆறு வருஷம் ஆனது.

பழைய பொருட்கள் எங்கே கிடைக்கும்?

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியதிலிருந்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இப்போது கரொசெல் செயலி, வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரர், அப்புறம் உறவினர் வீட்டுப் பரண். முறுக்கு போட்டு வைக்கும் பழைய கோங் குவான் பிஸ்கட் டின், எவர்சில்வர் தூக்கு, காலண்டர் அட்டை எல்லாம் பெரியம்மாக்களிடம்தான் இருக்கின்றன. இரவல் வாங்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது டின்னுக்குள் ஏதாவது தின்பண்டம் போட்டுக் கொடுங்கள். காலியாகக் கொடுத்தால் அடுத்த படத்துக்குத் தரமாட்டார்கள்.